இரவல் வாங்கிய ரசமட்டம்

சகோதரிகளே, இம்மாதம் நான் எழுதப்போவது எங்கள் வீட்டுப் பின் விறாந்தையைப் பற்றி. எட்டடி நீளம், ஆறடி அகலம். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய பாடம்.

எங்கள் கிழக்குப் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை ஒரு பெட்டியுடன் வந்து சேருகிறவர். நானும் அப்படித்தான் வந்தேன். பெட்டி நிறையக் கிதாபுகள். வாப்பா மௌத்தான பின்னர் இரண்டாவது பெட்டியொன்று வந்தது. அவர் தச்சுத் தொழிலாளி. பலாப் பலகையால் தாமே செய்த பெட்டி. உள்ளே இரண்டு சீவுளி, நான்கு உளி, ஒரு கைவாள், மூலைமட்டம், கொட்டாப்புளி, அரம், குறடு. மத்ரஸா விடுமுறைகளில் அவருக்குப் பலகை பிடித்துக் கொடுத்த பழக்கம் என் கையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கதிரைக் கால் ஆடினாலும், கிதாபின் தையல் அவிழ்ந்தாலும் நானே பார்த்துக்கொள்வேன்.

அதே விறாந்தையில்தான் என் மனைவியின் தையல் மெஷினும் இருக்கிறது. அயல் வீடுகளின் சட்டைகள், பிள்ளைகளின் சீருடை, பெருநாள் காலத்தில் இரவு பன்னிரண்டு மணி வரை வேலை. எங்கள் வீட்டுச் செலவில் ஒரு பங்கு அந்த மெஷினிலிருந்துதான் வருகிறது. ஆக, அந்தச் சின்ன இடத்தில் இரண்டு தொழில். ஆனால் ஒழுங்கான ஓர் இறாக்கை கூட அங்கே இருக்கவில்லை. ஆணிகள் பால்மா டின்னில், திருகாணிகள் இன்னொரு பால்மா டின்னில், இரண்டும் கலந்தவை மூன்றாவது டின்னில். உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். விருந்தாளி வந்த நேரம் பிள்ளை ஆசையோடு மூடியைத் திறந்தால் உள்ளே நூலும் பொத்தானும்தான் இருக்கும்.

இத்தனைக்கும் பெரிய குழப்பம் ஏற்படவில்லை. காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. எதைக் கேட்டாலும் மனைவி சொல்லிவிடுவார். “குறடு எங்கே?” என்றால் அடுப்படியிலிருந்தே பதில் வரும்: “சாக்குக்குக் கீழ, சிவப்பு பேக்குக்குள்ள.” போய்ப் பார்த்தால் இருக்கும். வீடு ஒழுங்காக இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

சென்ற மாரிக்கு முன் என் கொழுந்திக்குப் பிரசவம். மனைவி பத்து நாட்கள் அவருடன் போய் நின்றார். அந்த நாட்களில் கிதாபுகளுக்கு ஒரு பலகை அடிப்போம் என்று தொடங்கினேன். பலகை சரிவில்லாமல் இருக்க ரசமட்டம் தேவைப்பட்டது. அடுத்த தெருவில் ஒரு மேசன் இருக்கிறார். அவரிடம் வாங்கி வந்தேன். பலகையை அடித்து முடித்தேன். “நாளைக்குக் கொடுப்போம்” என்று ரசமட்டத்தை எங்கோ சாய்த்து வைத்தேன். மறுநாள் மத்ரஸாவில் பரீட்சை தொடங்கியது. பிறகு மறந்தே போய்விட்டது.

மூன்று வாரம் கழிந்து அந்த மேசனின் மனைவி, சட்டை தைக்கத் துணி கொண்டு வந்தார். பேச்சோடு பேச்சாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு மாபிள் பதிக்கும் வேலையொன்று கிடைத்திருந்ததாம். தன்னிடமிருந்த ஒரே ரசமட்டம் கையில் இல்லை. இன்னொரு மேசனிடம் கேட்டுச் சில நாள் சமாளித்தாராம். பிறகு அவருக்கும் வேலை வந்து அவர் தர மறுத்துவிட்டாராம். வீட்டுக்காரர் பொறுக்காமல் வேறு ஆளைப் பிடித்துவிட்டாராம். “ரசமட்டம் ஒங்கட ஊட்டுலதான் இரிக்காம். ஹஸ்ரத்துக்கிட்ட எப்பிடிக் கேக்கிறண்டு அவரு சும்மா இரிக்காரு” என்றாராம்.

அன்றிரவு அதை மனைவி என்னிடம் சொன்னபோது என் முகத்தில் இரத்தம் இல்லை. மற்றவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற மரியாதைதான் அந்த மனிதரின் வாயை அடைத்திருக்கிறது. தேடினோம். மனைவிக்கும் தெரியவில்லை; அவர் வீட்டில் இல்லாத நாளில் வைத்த சாமான் அல்லவா அது? ஒரு மணி நேரம் தேடிய பின் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், பழைய பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி உடையவில்லை. இஷாவுக்குப் பின் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பரவாயில்ல ஹஸ்ரத்” என்றார். அந்தப் ‘பரவாயில்ல’வை அவர் சொல்லாமல் நாலு வார்த்தை ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். இழந்த வேலைக்காகப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அவருடைய மகளின் சீருடைகளைக் கூலியின்றித் தைத்துக் கொடுத்து மனைவிதான் அதைக் கொஞ்சம் ஈடுசெய்தார்.

107ஆவது அத்தியாயமான ‘அல்-மாஊன்’ ஸூராவை வகுப்பில் எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! மாஊன் என்பதற்கு ஸகாத் என்று பொருள் கொண்டோரும் உண்டு. ஆனால் இப்னு மஸ்ஊத் (ரழி) போன்றோர் கோடாலி, சட்டி, வாளி என அயலவர் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்கும் வீட்டுச் சாமான்களையே கூறியுள்ளார்கள். கொடுக்க மறுப்பவனைப் பற்றியே நான் பேசியிருக்கிறேன். வாங்கியதை வீட்டுக்குள் தொலைத்துவிடுகிறவனைப் பற்றி அதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பின் மனைவி முற்றத்தில் இரண்டு பாய்களை விரித்து, விறாந்தையில் இருந்த அத்தனையையும் வெளியே எடுத்துப் போடச் சொன்னார். “இனி என்னக் கேக்கிற வேல வேணாம். சுவரக் கேளுங்க” என்றார்.

பாயில் குவிந்ததைப் பார்க்க வேண்டுமே! அளவு நாடா மூன்று. குறடு இரண்டு, ஒன்று துருப்பிடித்துத் திறக்காதது. ஒன்றரை அங்குல ஆணிப் பொதிகள் ஐந்து, ஒவ்வொன்றிலும் பாதிதான் குறைந்திருந்தது. பழையதைக் காணாததால் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியிருக்கிறோம். அந்தக் காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல இறாக்கை செய்திருக்கலாம். எரிந்துபோன மின்குமிழ்களை எதற்காகப் பத்திரப்படுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஓர் இடம் நமது நாட்டில் உண்டு. உங்களில் சிலர் பிள்ளை பெற்ற இடமாகவும் இருக்கலாம். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டு ஜப்பானியர்களின் ஐந்து ‘எஸ்’ முறையைத் தொடங்கினார்கள். வேண்டாததை நீக்குதல், வேண்டியதற்கு இடம் குறித்தல், துப்புரவு செய்தல், அதை ஒரே விதமாக நிலைநிறுத்தல், பழக்கமாக்கிக்கொள்ளல் என்பவையே அந்த ஐந்தும். ஜப்பானிய மொழியில் ஐந்து பெயர்களும் ‘எஸ்’ ஓசையில் ஆரம்பிப்பதால் அந்தப் பெயர். கோடிக்கணக்கில் செலவிட்டுப் புதுக் கட்டடம் கட்டித் தொடங்கிய வேலையல்ல அது. இருந்ததை வைத்துத் தொடங்கியது. பின்னர் ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து வைத்திய அதிகாரிகள் அங்கே வந்து பார்த்துப் படித்துச் சென்றார்கள். அவசர நேரத்தில் தாதி ஒருவர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தால் போவது ஓர் உயிர் அல்லவா?

நாங்கள் முதலில் செய்தது நீக்கும் வேலை. நம்மில் அநேகர் இறாக்கை வாங்கிய பின்தான் சாமானைப் பிரிக்கிறோம். அப்படிச் செய்தால் குப்பைக்கும் சேர்த்துத்தான் இறாக்கை வாங்குவோம். ஒரு வருடமாகத் தொடாத சாமான்களை வேறாக்கினோம். திறக்காத குறட்டை ஓர் இரவு வினாகிரியில் ஊறப் போட்டு, மறுநாள் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டேன், திறந்துகொண்டது. அது இப்போது என் மச்சான் வீட்டில் இருக்கிறது.

அடுத்தது இடம் குறித்தல். இதில் மனைவி சொன்ன ஒரு விடயத்தை நான் முதலில் ஏற்கவில்லை. ‘ஆயுதங்கள் எல்லாம் ஒரு பக்கம், தையல் சாமான் எல்லாம் ஒரு பக்கம்’ என்பது என் எண்ணம். கிதாபுகளை அடுக்கிப் பழகியவனுக்கு வேறெப்படித் தோன்றும்? அவர் சொன்னார்: எது எந்த வேலைக்கு எத்தனை தரம் எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். தினமும் எடுப்பவை கைக்கெட்டும் தூரத்தில், வாரமொருமுறை எடுப்பவை எழுந்து எட்டும் தூரத்தில், வருடத்துக்கு ஒருமுறை எடுப்பவை ஏணி வைத்து எடுக்கும் உயரத்தில். தைக்கிறவர் உட்கார்ந்திருப்பவர், நின்று எட்டும் உயரம் அவருக்கு உதவாது. ஆகவே கத்தரிக்கோல், அளவு நாடா, சோக்குக் கட்டி, பொபின் என்பன மெஷினுக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில். என் சுத்தியலும் திருப்புளியும் குறடும் நெஞ்சு உயரத்தில். வருடத்தில் ஓரிரு முறை வேலையுள்ள அலவாங்கு மூலையில். ஒரு வாரத்திலேயே அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சுவரில் மூன்றடி நீளமான ஒட்டுப்பலகை ஒன்றை அடித்தேன். நேராகச் சுவரோடு ஒட்டி அடிக்கவில்லை. பின்னால் ஓர் அங்குலக் கனமான சட்டம் இரண்டு கொடுத்து, காற்றுப் போக இடம் விட்டேன். எங்கள் பக்கம் மாரியில் சுவர் ஈரம் கசியும்; ஒட்டி அடித்த பலகை ஊறிப்போகும், அதில் தொங்கும் இரும்பும் துருப்பிடிக்கும். பிறகு ஒவ்வோர் ஆயுதத்தையும் பலகையில் பிடித்து, அதன் உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறினோம். அதன் மேல் கறுப்பு மையால் தடிப்பாக வரைந்தது கடைசி மகள். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளையும் சுத்தியலின் உருவத்தைப் பார்த்து, அங்கே சுத்தியலை மாட்டிவிடும். அதைவிட முக்கியம், இல்லாதது கண்ணில் படும். டின்னுக்குள் கிடந்த குறடு காணாமற் போனால் அது தேவைப்படும் நாளில்தான் தெரியும். இப்போது வெறும் கோடு மாத்திரம் தெரிந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். ரசமட்டத்துக்கு இப்படி ஓர் இடம் இருந்திருந்தால் மூன்று வாரம் போயிருக்குமா?

சின்னச் சாமான்களுக்குக் கண்ணாடிப் போத்தல்கள். ஜாம் போத்தலின் மூடியை இறாக்கைப் பலகையின் அடிப்பக்கத்தில் இரண்டு திருகாணியால் இறுக்கிவிட்டால், போத்தலைக் கீழிருந்து திருகிக் கழற்றலாம். இறாக்கையின் மேல் பக்கம் வேறு சாமானுக்கு மீதியாகிறது. ஒரு திருகாணி மட்டும் போட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும், கவனம். ஆணிகள் ஓர் அங்குலம், ஒன்றரை, இரண்டு, மூன்று எனப் பிரித்தோம். சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடமென்றால் கண்ணாடிக்குப் பதில் ஒளி தெரியும் பிளாஸ்டிக் போத்தலே நல்லது. உள்ளிருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மெஷின் ஊசிகளை அவற்றின் பொதியை விட்டு எடுத்து ஒன்றாகப் போடாதீர்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16 என்று இலக்கம் இருக்கிறது. கலந்துவிட்டால் வெறுங்கண்ணால் பிரிப்பது சிரமம். பிழையான ஊசி நூலை அறுக்கும், துணியையும் கெடுக்கும். துணி வெட்டும் கத்தரிக்கோலின் பிடியில் ஒரு நிறத் துணியைக் கட்டி, வீட்டாருக்குக் காட்டிவிடுங்கள். அதனால் கடதாசி வெட்டினால் கூர் போய்விடும். எங்கள் வீட்டில் அந்தக் குற்றவாளி நான்தான். கிதாப் கட்டக் கடதாசி வெட்டியிருக்கிறேன்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வேலை முடிந்ததும் கையின் வியர்வை படிந்த இரும்பை அப்படியே வைத்தால் மறுநாளே செம்மை தட்டும். மெஷின் எண்ணெய் தோய்த்த ஒரு துணித்துண்டை மூடியுள்ள டின்னில் வைத்துக்கொண்டு, வைக்கும்போது ஒரு தடவை துடைத்தால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து. தையல் மெஷினுக்கும் ஊற்றுகிறார்கள். நாளடைவில் அது பசை போலாகி, தூசியையும் பிடித்துக்கொண்டு மெஷினை இறுக்கிவிடும். சுமார் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே அது உறைந்தும் போகும். பண்டாரவளை, நுவரெலியாப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயுதங்களைச் சீமேந்துத் தரையில் வைப்பதும், மரத்தூளோடு பெட்டியில் போடுவதும் துருவை அழைப்பதுதான். மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கூரானவற்றின் விடயம் வேறு. மஸ்ஜிதிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு நடப்பவர், யாரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நம் வீட்டில் அம்பு இல்லை, உளி இருக்கிறது. உளிகளை நுனி கீழே பார்க்க, துளையிட்ட சட்டத்தில் செருகி, கீழே நுனியை மறைக்க ஒரு பலகைத் துண்டும் அடித்தேன். வாளின் பற்களுக்குப் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாட்டில் பிளந்து மாட்டினேன். இவை எல்லாம் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில். விளையாட்டுச் சாமானில் வரும் பொத்தான் போன்ற சின்ன பற்றரிகளையும் நூல் டின்னில் போடாதீர்கள். குழந்தை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே எரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும்.

இனிச் சொல்வதை மட்டுமாவது இன்றே செய்துவிடுங்கள். பாயில் கொட்டிய சாமான்களுக்கிடையே ஒரு சோடாப் போத்தல் இருந்தது. பாதியளவு தெளிந்த தண்ணீர் போல. மூடியைத் திறந்து முகர்ந்தால் தின்னர். ஒரு கதவுக்குப் பெயின்ற் அடித்து மிஞ்சியதை நானே ஊற்றி வைத்திருக்கிறேன். கடைசி மகளுக்கு வயது ஐந்து. போத்தலைப் பார்த்த மனைவி ஒன்றும் பேசவில்லை. எனக்கு ஏசினாலும் தகும் என்று நின்றேன். மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், பற்றரி அசிட் எதையும் குடிக்கும் போத்தலில் ஊற்றவே கூடாது. வாங்கிய கலனிலேயே வைத்து, எழுதி ஒட்டி, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். தவறிப்போய்ப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் போனால் அதுதான் பெரிய ஆபத்து. அசிட் தொண்டையை இரண்டாம் முறையும் எரிக்கும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

கடைசியாக, ஒரு கொப்பி. பலகையின் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, பென்சிலும் நூலில் கட்டியபடி. நாம் கொடுத்தது, நாம் வாங்கியது இரண்டும் அதில். ‘அயலவரிடம் போய்க் கணக்கு எழுதுவதா, மனம் நோகாதா’ என்று நான் முதலில் தயங்கினேன். அல்-பகராவில் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனத்தை வருடந்தோறும் ஓதிக் கொடுக்கிறவனுக்கு அந்தத் தயக்கம் வந்திருக்கக் கூடாது. வாங்கிய சாமானுக்குப் பலகையில் தனியாக ஒரு சிவப்புக் கொக்கியும் உண்டு. அதில் ஏதும் தொங்கினால் அது நம்முடையதல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆண்கள் இதை வாசிக்கிறார்களோ தெரியாது, வாசித்துக் காட்டுங்கள். ஒரு சாமான் எங்கே என்று மனைவியைக் கேட்பது பெரிய வேலையாக நமக்குத் தெரிவதில்லை. கறி அடுப்பில், குழந்தை இடுப்பில், இதற்கிடையே ஆயிரம் சாமானின் இடத்தையும் அவர் தலைக்குள் சுமக்கிறார். ஒருநாள் அவர் வீட்டில் இல்லாவிட்டால் வீடே குருடாகிவிடுகிறது. எடுத்தவர் வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டம். மஃரிபுக்கு முன் மகன் பலகையை ஒரு தடவை பார்ப்பான். வெறுங்கோடு தெரிந்தால் என் பெயரைத்தான் முதலில் கூப்பிடுகிறான். அநேகமாக அது சரியாகவும் இருக்கிறது.

மாரி நடுவில் ஒருநாள் அந்த மேசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மழைக்கு ஊறிப் பொருமி, அவருடைய அடுப்படிக் கதவு சாத்த முடியாமற் போய்விட்டதாம். வாப்பாவின் சீவுளியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் பலகையையும் அதிலிருந்த கோடுகளையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கொப்பியில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது; கையை எடுக்கவில்லை. அவர்தான் பென்சிலை இழுத்துத் தம் பெயரை எழுதினார். “ஹஸ்ரத், திகதி என்ன?” என்று கேட்டு அதையும் எழுதினார்.